உள்ளே போன மருந்து

ஒரு வலது கையின் விலை ஒரு புட்டி கிருமிநாசினி, ஒரு சிரிஞ்சு. அக்கா புருஷன் என்பதால் மருந்துக்கடைக்காரர் அதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அத்தான் சோபா தைப்பவர். நூலை இழுத்து இறுக்குகிற அந்தக் கையில்தான் வீடே ஓடியது. தடித்த ரெக்சினில் குத்தூசி வழுக்கி உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. மேலே பார்த்தால் மிளகளவு ஓட்டைதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமாடா?" என்றாள் அக்கா.

"நான் எதுக்குக்கா இருக்கேன்? அங்க நம்பர் கூப்பிடறதுக்குள்ள காயமே ஆறிடும்."

மருந்தை மேலே ஊற்றி வழியவிடுவது மருந்துக்கடைக்காரருக்குச் சரக்கைச் சாக்கடையில் கொட்டுவது போல. சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றினார். மருந்து நிரப்பிய சிரிஞ்சின் மூக்கை ஓட்டைக்குள் வைத்து அடைத்து, முழுக்க உள்ளே தள்ளினார்.

"எரியுது மச்சான்."

"எரியட்டும் அத்தான். நீங்க ஆணி அடிக்கும்போது சோபா கத்துதா?"

ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. சேதாரமே இல்லை என்று அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

விடிந்தபோது கை மணிக்கட்டு தெரியாமல் வீங்கியிருந்தது. சீழும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மூன்றாம் நாள் உள்ளங்கைத் தோல் கறுத்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா மருந்துக்கடைக்காரரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

"நல்ல மருந்துதாங்க. ஆனா ஆழமான காயத்துல அழுத்தி ஏத்தக் கூடாது. திரும்பி வர வழி இல்லாம உள்ளேயே தங்கிடும். கிருமியோட சதையும் சேர்ந்து சாகும்."

"இப்ப உறிஞ்சி எடுத்துடலாமே டாக்டர்?"

"அது சதைக்குள்ள பரவிடுச்சே. செத்ததை வெட்டி எடுக்கலாம். வேற என்ன பண்றது?"

அவர் தன் கடை அலமாரிகளை மனத்துக்குள் தட்டுத் தட்டாகத் துழாவினார். போன மருந்தைத் திரும்ப அழைக்கும் மருந்து எதிலும் இல்லை.

இரண்டு முறை வெட்டினார்கள். அக்கா தம்பியோடு பேசவே இல்லை. அத்தான்தான் பேசினார்: "பாசத்தை டோஸ் பாத்து ஏத்தியிருக்கலாம் மச்சான்."

சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

தையல் பிரித்து ஒரு மாதம் கழித்து, நர்ஸ் விரல்களை மடக்கச் சொன்னாள். கட்டைவிரலும் ஆள்காட்டியும் மடங்கின. நடுவிரல் பாதி வழியில் நின்றது. மற்ற இரண்டும் அசையவில்லை.

"இன்னொரு தடவை மடக்குங்க அத்தான்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அத்தான் மடக்கிப் பார்த்தார், நெற்றி வியர்க்கும்வரை.

நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டாள்: ஐந்துக்கு இரண்டரை.