தாடையில் ஒரு கீறல்

விடுப்பு முடிந்து கிளம்புகிற காலையில் கம்பவுண்டர் சவரம் செய்யும்போது தாடையைக் கீறிக்கொண்டார். குளியலறைக் கண்ணாடி அவர் உயரத்துக்கு மாட்டியது. மனைவி எக்கி நின்றால் நெற்றி மட்டும் தெரியும். அவர் ரேசரைப் போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"ரத்தம் வருதா பாரு."

கழுத்துவரை வழிந்திருந்தது. "எங்கே, ஒண்ணையும் காணோம். சோப்புத் தண்ணிதான்" என்று துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, ஸ்டூலில் உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

போருக்கு முன்னால் அவர் ஒரு கிளினிக்கில் காயம் கட்டுகிறவர். மெஷினில் விரலைக் கொடுத்தவன், மாடியிலிருந்து விழுந்தவன், யாரைக் கொண்டுவந்து போட்டாலும் கை நடுங்காது. தன் ரத்தம் ஒரு சொட்டுக் கண்ணில் பட்டால் மட்டும் ஆள் சாய்ந்துவிடுவார். ரத்தப் பரிசோதனைக்குப் போய் நர்ஸ் மேலேயே விழுந்த கதையை அவள் தம்பி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டுவான். ராணுவ மருத்துவப் பிரிவில் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, "சண்டையிலே மாமா மூஞ்சியிலே தண்ணி தெளிக்க ஒரு ஆளை அனுப்புவாங்களா?" என்று கேட்டான். கம்பவுண்டரே விழுந்து விழுந்து சிரித்தார்.

செய்தி சொல்ல வந்த அதிகாரிகள், முதுகில் குண்டுச் சிதறல் என்றார்கள். கடமை, தியாகம் என்றும் நிறையச் சொன்னார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அதை அவர்களிடம் கேட்க வாய் வரவில்லை. தன் ரத்தத்தை அவர் பார்த்தாரா? பிடித்துக்கொள்ளச் சுவர்கூட இல்லாத இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு யாரைக் கூப்பிட்டார்? சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் இதுவே ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு, கைத்தடி ஊன்றி ஒருவன் வந்தான். அவருடைய படைப்பிரிவின் லாரி டிரைவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். லாரி கவிழ்ந்து ரோட்டோரப் பள்ளத்தில் இவன் கிடக்க, தொடையில் கம்பவுண்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பின்னால் குண்டு விழுந்ததாம். அவர் குலுங்கினாராம், கை மட்டும் நிற்கவில்லை.

"என் சட்டை நனைஞ்சிருக்கே, எல்லாம் உன்னோடதாடான்னு கேட்டாரு அண்ணி. அவரோட சங்கதி எங்க எல்லாருக்கும் தெரியும். சொன்னா விழுந்துடுவாரு, என் காலை யாரு கட்டுறது? ஆமாண்ணே, என்னோடதுதான்னு சொல்லிட்டேன்." டம்ளர் நின்றது. "உசுருக்குப் பயந்து சொன்ன பொய்தான். அப்பவே உண்மையைச் சொல்லியிருந்தா, அண்ணன் தன்னையும் பார்த்துக்கிட்டிருப்பாரோ என்னவோ."

அவன் ஏச்சுக்காகக் காத்திருப்பவன்போலத் தலையைக் குனிந்திருந்தான்.

"அவரு நம்பினாரா?" என்றாள்.

"நம்பினாரு. எருமை மாட்டுக்குக்கூட இவ்வளவு ரத்தம் இருக்காதுடான்னு சிரிச்சாரு. முடிச்சை இறுக்கிட்டு, அலுப்பா இருக்குன்னு பக்கத்துல சாஞ்சாரு. கண்ணைத் திறந்து வச்சு என்கிட்ட பேசிக்கிட்டேதான் இருந்தாரு. வண்டி வர்றதுக்குள்ள…"

அவள் டம்ளரை வாங்கி, ஆறிப்போன காபியைச் சூடுபண்ணிக் கொண்டுவந்தாள்.

"குடிங்க. நான் பக்கத்துல இருந்திருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கிளம்புற அன்னைக்குக்கூடச் சொன்னேன்."

அவன் குடித்தான். போகும்போது வாசல்படியில் தடுமாறியவனின் தோளைப் பிடித்து இறக்கிவிட்டாள். தெருமுனை திரும்பும்வரை அவர் கட்டுப்போட்ட அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டித் தருகிறேன் என்று தம்பி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். அது அதே ஆணியில் இருக்கிறது. எக்கினால் அவளுக்கு நெற்றி தெரியும்.