ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒழுகும் வண்டி

அந்த மோட்டார் சைக்கிளுக்குச் செயின் கிடையாது. இன்ஜினிலிருந்து பின்சக்கரம் வரை ஒரு இரும்புத் தண்டு ஓடும். அதன் கடைசியில், சக்கரத்தை ஒட்டினாற்போல், பல்சக்கரங்கள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் ஒரு அலுமினியக் கூடு. இப்படி ஷாஃப்ட் வண்டி வைத்திருப்பவர்கள் செயின் வண்டிக்காரர்களை ஏழைச் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அந்தப் பவிசெல்லாம் கூட்டிலிருந்து எண்ணெய் ஒழுகாதவரைதான்.

மெக்கானிக்கின் தங்கை புருஷனுடைய வண்டி ஒழுக ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் தானே வலியப் போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கினார். தங்கைப் பாசம் என்று யாராவது சொன்னால் அவரே சிரித்துவிடுவார். மாப்பிள்ளை ஒரு பயணக் குழுவில் இருந்தார். அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டும் ஷாஃப்ட் வண்டிகள். ஞாயிறு விடிந்தால் கிளம்புவார்கள், பொழுது சாய்ந்தால்தான் வீடு. குழுவுக்குத் தலைவரான பெரிய மீசைக்காரரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். அவரிடம்தான் மெக்கானிக் ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். தன் கையை விட்டுப் போன வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை என்றார். கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டு, பார்க்கலாம் என்றார். மாப்பிள்ளை வண்டி ஒழுகாமல் நின்றால் மற்றப் பதினோரு வண்டிகளும் மெக்கானிக்கிடம் வரும். நிற்காவிட்டால் மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்.

அந்த ஒர்க்‌ஷாப்பின் பேச்சை எடுத்தாலே மெக்கானிக்குக் காது சூடாகும். அங்கே இருப்பவர்கள் கையுறை போட்டுக்கொண்டு ஸ்பேனர் பிடிக்கிறார்கள். கையில் கறை படாதவன் எப்படி மெக்கானிக் என்பது இவருடைய கட்சி.

முதல் தடவை கழற்றியபோது கோளாறு நிஜமாகவே இருந்தது. எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் பெரிய ரப்பர் சீலின் விளிம்பு காய்ந்து விறைத்திருந்தது. கூட்டின் தலையில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு, அதைச் சேறு அடைத்திருந்தது. வண்டி ஓடிச் சூடேறினால் உள்ளே காற்று விரியும். போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் பக்கமாகத் தள்ளும். துளையை ஊதிச் சுத்தம் செய்தார், புது சீல் அடித்தார், எண்ணெயை அளந்து ஊற்றினார். திங்கள் முதல் சனி வரை மாப்பிள்ளை ஆபீசுக்குப் போய்வந்தார், ஒரு சொட்டு இல்லை. ஞாயிறு காலையில் பார்த்தால் வண்டிக்கடியில் பொத்தான் அளவு எண்ணெய்.

கேப்டன் ஒரு சட்டம் வைத்திருந்தார். பின் டயரில் எண்ணெய் பட்டால் வளைவில் ஆளையே சாய்த்துவிடும், அதனால் ஒழுகுகிற வண்டி குழுவோடு வரக்கூடாது. மாப்பிள்ளை அன்றைக்கு வீட்டிலேயே இருந்தார். மெக்கானிக் மறுபடி கழற்றினார். சீல் புத்தம் புதிதாக, ஒரு கீறல் இல்லாமல் அவரைப் பார்த்துச் சிரித்தது. கூட்டின் மூடி இடுக்கில் வைக்கும் கேஸ்கெட்டை மாற்றி மூட்டினார். அடுத்த ஞாயிறும் பொத்தான். வார நாளில் யோக்கியமாக இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அயோக்கியமாகிற வண்டியை அவர் தன் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கேப்டன் ஆள் அனுப்பி, வருகிற ஞாயிறு எட்டு மணிக்குக் குழுவோடு வீட்டுக்கே வந்து பார்ப்பதாகவும், அதுதான் கடைசி என்றும் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் ஒரு முகப்பவுடர் டப்பாவோடு தங்கை வீட்டுக்குப் போனார். கூட்டைத் துடைத்து, கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதுபோல் சுற்றிலும் பவுடர் அப்பினார். எண்ணெய் எந்த இடத்தில் கசிந்தாலும் பவுடரில் கோடு விழுந்துவிடும், திருடன் தப்ப முடியாது. அடியில் ஒரு செய்தித்தாளையும் விரித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். பவுடரில் ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. மெக்கானிக்குக் கண்ணே கலங்கியது. அப்புறம் கீழே பார்த்தார். செய்தித்தாளில் பொத்தான் அளவு எண்ணெய்.

அதை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். கியர் ஆயில் என்றால் அழுகிய முட்டை நாற்றம் நாறும், சோப்புப் போட்டாலும் ரெண்டு நாளைக்கு விடாது. இது தண்ணீர்போல் இருந்தது, வாசனையே இல்லை. மெக்கானிக் மெல்ல எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். தங்கை தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஏதோ ஒரு பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் பக்கத்தில் மூக்கு நீண்ட குட்டி எண்ணெய் டப்பா. அண்ணன் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். மெஷின் நின்றது.

"எத்தனை வாரமா?"

"நீ சரிபண்ணின நாள்லேர்ந்து," என்றாள். "அதுக்கு முன்னாடி அதுவே ஒழுகிச்சு."

வெட்கமாவது படுகிறாளா என்று பார்த்தார். அப்படியொன்றும் தெரியவில்லை.

"ஆறு நாள் ஆபீஸ், ஏழாவது நாள் ரோடு. நான் எப்ப அண்ணா அந்த மனுஷன்கிட்ட பேசறது? வண்டி ஒழுகின அந்த மூணு ஞாயித்துக்கிழமைதான் வீட்ல இருந்தார். ரெண்டு பேரும் சும்மா உக்காந்து சீட்டு விளையாடினோம். எவ்வளவு சிரிச்சோம் தெரியுமா?"

மெக்கானிக் பதினோரு வண்டிக் கதையைச் சொன்னார். அது அவளுக்குத் தெரியாது. கேட்டதும் முகம் விழுந்துவிட்டது. அந்தப் பேப்பரைக் கசக்கி எறிந்துவிடு, அவர் இன்னும் பார்க்கவில்லை, இனிமேல் நான் டப்பாவைத் தொடமாட்டேன் என்றாள். சொல்லிவிட்டுப் பாவாடையை எடுத்து, மடித்த கரையையே திரும்ப மடித்தாள். மெக்கானிக்கு அந்தப் பதினோரு வண்டிகளும் வேண்டும், ரொம்ப வேண்டும். கண்ணாடிக் கதவுக்காரன் மூஞ்சி கறுத்துப்போவதைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பவுடரைச் சுத்தமாகத் துடைத்தார். கூட்டின் அடிவிளிம்பில் விரலால் எண்ணெயை நீளமாகத் தடவினார். ஒழுகாத வண்டியை ஒழுகுகிற வண்டியாக்கியது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை. வேலை சுத்தமாகவே இருந்தது.

எட்டு மணிக்குப் பதினோரு வண்டிகளும் வாசலில் வந்து நின்றன. மெக்கானிக் முன்னால் போய் நின்றார்.

"என்னால முடியலங்க," என்றார்.

மாப்பிள்ளை ஐயோ என்று ஒரு பெருமூச்சு விட்டார். முகத்தில் சோகம் இருந்தது, கால் மட்டும் படு வேகமாகப் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டது. யாரோ ஒருவர் கண்ணாடிக் கதவு என்று சொன்னது மெக்கானிக் காதில் விழுந்தது. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் குனிந்து செய்தித்தாளில் விரலை வைத்தார். விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போய் வண்டியை எடுத்தார். கூட்டம் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

மெக்கானிக் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வண்டி மட்டும் திரும்பி வந்தது. கேப்டன் இறங்கினார். கையுறையை விட்டுவிட்டுப் போனதாக மற்றவர்களிடம் சொல்லியிருந்தாராம். கையுறை கையில்தான் இருந்தது.

"கியர் ஆயில் நாறும். இது நாறல," என்றார்.

மெக்கானிக் கடைசி ஸ்பேனரையும் பையில் போட்டார். கேப்டன் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஏழு வருஷமாக ஞாயிறு தவறாமல் நாலு மணிக்கு எழுந்திருக்கிறார், இடுப்பு போய்விட்டது, வீட்டில் முகம் கொடுத்துப் பேசி நாளாகிறது. குழுவை ஆரம்பித்துவைத்தவர் அவரே, பிறகு எந்த முகத்தோடு வரவில்லை என்று சொல்வது?

"நாளைக்கு வண்டியை உங்ககிட்ட விடறேன். அது ஒழுகணும்."

"கண்ணாடிக் கதவுலயே கேட்டுப் பாருங்களேன்," என்றார் மெக்கானிக். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"அவங்க சரிபண்ண முடியலன்னு சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொன்னீங்கன்னா, அப்புறம் யாராலயும் முடியாதுன்னு அத்தனை பேரும் நம்பிடுவாங்க."

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார். முப்பது வருஷத்தில் தன் வேலையைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"எத்தனை ஞாயித்துக்கிழமைக்கு வேணும்?" என்று கேட்டார்.