திங்கட்கிழமை மௌனம்

குமரகுருபரன் திங்கட்கிழமைகளில் பேசமாட்டார். பாளையங்கோட்டை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்ததும் சிவனுக்கென்று எடுத்துக்கொண்ட விரதம். பதினோரு வருடமாகிறது. கண் விழித்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒரு சொல் கிடையாது. அன்றைக்கெல்லாம் உலகம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெல்ல அசையும். நாரை சிறகடிப்பதுகூட வெகுநேரம் காதில் நிற்கும். தன் மௌனத்தால் யாருக்கும் ஒரு கெடுதலுமில்லை என்றே நினைத்திருந்தார்.

தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று. மலை தெரியாத பனி. ஆறு புகைந்துகொண்டிருந்தது. அவர் படித்துறையில் உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டுக்கு வந்திருந்த ரீபா என்ற இளம் ஆசிரியை, செருப்பைக் கையில் பிடித்தபடி படித்துறைக்கு வந்தாள்.

"சார், இங்கன ஆழமா?"

மணல் அள்ளிய குழி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். இறங்காதே என்று கையை ஆட்டினார். ஆழமில்லை என்று அவள் எடுத்துக்கொண்டு, சிரித்தபடி இறங்கினாள்.

அவள் தப்பாகப் புரிந்துகொண்டது அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் போதும். பதினோரு வருடமும் நாக்கின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் கையை ஆட்டினார், அவள் திரும்பவில்லை. பனிக்குள் அவளுடைய மஞ்சள் சுடிதார் முழங்கால்வரை, இடுப்புவரை கரைந்தது. பிறகு காணவில்லை. சத்தமே இல்லை.

"முத்துமாலை! ஓடியா! பிள்ளை முங்குது!"

அவருடைய குரலே அவருக்கு யாருடைய குரலோ போலிருந்தது. வளைவுக்கு அப்பால் துணி துவைத்துக்கொண்டிருந்த முத்துமாலை ஓடிவந்து பாய்ந்து, முடியைப் பற்றி அவளை இழுத்துப் போட்டாள்.

ரீபா பிழைத்தாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுடைய அம்மா கிரேஸ் அவரைக் கும்பிட்டாள்.

"நீங்க சத்தம் போடலைன்னா எம்மக இல்ல சார். கர்த்தர்தான் உங்கள அங்கன நிறுத்தியிருக்காரு."

அப்படியே திரும்பியிருக்கலாம். அவரால் முடியவில்லை.

"பிள்ளை தப்பா நெனச்சிட்டான்னு எனக்கு அப்பமே தெரியும்மா. விரதம் கலைஞ்சிரக் கூடாதுன்னு வாய மூடிட்டு நின்னேன்."

கிரேஸின் கைகள் பிரிந்தன.

"எவ்வளவு நேரம் சார்?" ரீபாவின் குரல் கரகரத்தது.

"அஞ்சாறு எட்டு வைக்குத நேரம்."

"எனக்கு ரொம்ப நேரமா இருந்துச்சு," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க கெளம்புங்க சார்," என்றாள் கிரேஸ்.

வீட்டுக்கு வந்து மனைவி சித்ரலேகாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எங்க அம்மா செத்த சேதி வந்ததும் ஒரு திங்கக்கிழமதான். ஞாபகம் இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாயந்திரம்வர நீங்க ஒரு வார்த்த பேசல."

"ஏன் சொல்லல நீ இத்தன நாளா?"

"என்னத்தச் சொல்ல? அன்னைக்கு உங்க முகம் அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு."

அடுத்த திங்கட்கிழமை விடியலில் வாசல் தெளித்துவிட்டு அவள் உள்ளே வந்தாள்.

"குளிருதா?" என்று கேட்டார்.

சித்ரலேகா வாளியை இறக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்தே பதில் சொன்னாள்.