ஏணியடியில் சொல்லும் பெயர்

தங்கரதம் சர்க்கஸில் ஒரு சட்டம் உண்டு. அந்தரத்தில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவும் பார் விளையாட்டுக்கு மேலே ஏறும் முன், பிடிக்கிறவனும் பறக்கிறவளும் கயிற்றேணிக்குக் கீழே நின்று ஒருவர் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஏறக் கூடாது. எப்போதோ ஒரு ஜோடி சண்டை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போய், அந்தரத்தில் கை தவறிவிட்டது. பறந்தவள் வலையின் ஓரத்தில் விழுந்ததில் தோள்பட்டை இறங்கிப்போயிற்று. அன்றைக்குப் போட்ட சட்டம் இது.

"முப்பது அடி உயரத்துல ஒருத்தி உன்னை நம்பிக் கையை விடறா. அவ பேரைச் சொல்ல உனக்கு வாய் வலிக்குதுன்னா நீ கீழயே நில்லு" என்பார் முதலாளி ராஜமாணிக்கம்.

சட்டத்தில் ஒரே ஒரு சலுகை உண்டு. அதற்குக் காரணம் முதலாளியின் மனைவி புஷ்பவள்ளி. வாலிபத்தில் அவள் பறந்தாள், அவர் பிடித்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் வரை "ராஜமாணிக்கம்" என்று கணீரென்று சொன்னவள், தாலி ஏறிய மறுநாள் ஏணியடியில் நின்று நெளிந்தாளாம். புருஷன் பெயரை எப்படிச் சொல்வது? கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு "மாமா" என்றாளாம். அதிலிருந்து, கட்டிக்கொண்டவள் மட்டும் பெயருக்குப் பதில் "மாமா" என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. வேறு எவளும் ஏணியடியில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது.

இப்போது பிடிக்கிறவன் எழிலன், பறக்கிறவள் ஸ்ரீமதி. ஆறு வருஷமாக ஒருவர் பெயரை ஒருவர் நாள் தவறாமல் சொல்லிச் சொல்லி, எழிலனுக்கு அந்தப் பெயர் தொண்டையிலேயே குடியேறிவிட்டது. போன மாதம் கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூடாரம் போட்ட மூன்றாம் நாள், சமையல் கொட்டகைக்குப் பின்னால் வைத்துக் கேட்டே விட்டான்.

"என்னைக் கட்டிக்கிறியா?"

"கடலூர் முடியட்டும், சொல்றேன்" என்றாள் ஸ்ரீமதி. சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பதில் இருந்தது. மீதிப் பாதிக்குப் பொறுமையாகக் காத்திருந்தால் என்ன குறைந்துபோகும்? ஆனால் நம்ம ஆளுக்கு நேரம் சரியில்லை.

மறுநாள் பிடித்தது மழை. விடாமல் ஒன்பது நாள். மழை இல்லாவிட்டாலும் கூட்டம் வந்து அள்ளிக்கொண்டா போயிற்று? யானை, சிங்கம் எல்லாம் அரசாங்கத் தடையால் போய் எத்தனையோ வருஷமாகிறது. மிச்சம் இருப்பது இரண்டு நாய்கள், அதிலும் ஒன்று படு சோம்பேறி. வருகிற ஜனம் வாசலிலேயே "ஆனை இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் செல்போனைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனது. எழுநூறு பேர் உட்காரும் கூடாரம் காற்று வாங்கியது. முன்வரிசையில் இருபது பேர், அவர்கள் தலையில் ஒழுகும் கூரை. சம்பளம் பாதியானது, குழம்பு தண்ணீரானது.

"சிதம்பரம்தான் கடைசி. அங்கயும் இப்படின்னா கூடாரத்தைச் சுருட்டிட்டு அவுங்கவுங்க பொழப்பப் பாக்க வேண்டியதுதான்" என்று ராஜமாணிக்கம் சொன்ன அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீமதியின் அக்கா கனிமொழி பக்கத்து ஊரான குடிகாட்டிலிருந்து குடையோடு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை காலி இருக்கிறதாம். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். உண்டு, வீட்டு வாசலுக்கே பஸ் வரும். தங்கச்சியை எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

எழிலன் அன்று முழுக்க யோசித்தான். தன்னைக் கட்டிக்கொண்டு இவள் என்ன சுகத்தைக் காணப் போகிறாள் என்று தோன்றியது. பெரிய மனிதனைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தான். ஆண்பிள்ளைகள் பெரிய மனிதனாக நடந்துகொள்ள முடிவெடுக்கும்போதுதான் குடி கெடுகிறது.

"நல்ல வேலை ஸ்ரீமதி. போயிடு. இங்க இருந்து என்னா பண்ணப் போற?"

ஸ்ரீமதி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிறுத்தினாள். "போன வாரம் கட்டிக்கிறியான்னு கேட்டது யாரு? நீதானா, வேற எவனாச்சுமா?"

"அது... அப்ப மழை வரல."

பாவி! எத்தனையோ பதில் இருக்க, இதையா சொல்வான்?

"ஓ! மழை வந்தா அனுப்பிடுவியா?" பிழிந்த துணியை அவன் காலடியிலேயே போட்டாள். "சரி. சிதம்பரத்துல கடைசி ஆட்டம் வரைக்கும் இருக்கேன். அதுக்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ."

அதோடு பேச்சு நின்றது. சோற்றுப் பந்தியில் முகம் கொடுக்க மாட்டாள், எதிரே வந்தால் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு போவாள். ஆனால் ஏணிச் சட்டம் இருக்கிறதே, அதை மீற முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் முடிந்தவரை நீட்டி, குழைந்து "ஸ்ரீமதி" என்பான். அவன் முடிந்தவரை நீட்டி, குழைந்து "ஸ்ரீமதி" என்பான். நாள் முழுவதும் அவனுக்குக் கிடைக்கும் பேச்சு அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக மத்தியானம் இரண்டு மணியிலிருந்தே தலை வாரிக்கொண்டு காத்திருப்பான்.

கூடாரம் சிதம்பரத்துக்கு வந்தது. மழை விட்டது, கூட்டம் மட்டும் வரவில்லை. சண்டை போட்ட நாளிலிருந்து இப்படியே பதினோரு நாள் பெயரோடு பெயராகக் கழிந்தது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டம்.

அன்று காலை எழிலன் ஜோக்கர் தட்சிணாமூர்த்தியை உலுக்கி எழுப்பினான். "மச்சான், எழுந்திரு. ஆட்டோவை எடு. இன்னைக்குக் கூடாரத்தை நெரப்பணும். நெரப்பிட்டு அவகிட்ட மறுபடியும் கேக்கணும். இருபது பேர் உக்காந்திருக்கிற கூடாரத்தை வச்சிக்கிட்டு எந்த மூஞ்சியோட கேக்கறது?"

"மைக் செட்டுதான் கடலூர் மழையில செத்துப்போச்சே?"

"எனக்குத் தொண்டை இருக்குல்ல?"

கிளம்பினார்கள். தட்சிணாமூர்த்தி வேஷத்தோடு வண்டி ஓட்டினான். எழிலன் பின்னால் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வாயருகே குவித்துக் கத்தினான். கீழவீதியில் ஆரம்பித்து நான்கு தேர்வீதியும் சுற்றினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ் ஜன்னலுக்கும் தனித்தனியாகக் கத்தினான். போதாதென்று காட்டுமன்னார்கோயில் வரைக்கும் போய், ரைஸ் மில் வாசல், காய்கறிக் கடை, பெட்ரோல் பங்க் ஒன்று விடவில்லை.

"வாங்க, வாங்க! இன்னைக்கு சாயங்காலம் சிதம்பரத்துல ஸ்ரீமதி பறக்கறாங்க! முப்பது அடி ஒசரத்துல ஸ்ரீமதி!"

காய்கறிக் கடை அம்மாள் மாரியம்மாள் கத்திரிக்காயை எடை போட்டபடியே கேட்டாள். "ஆனை இருக்கா தம்பி?"

"ஆனை இல்லம்மா. ஸ்ரீமதி இருக்காங்க!"

"அது என்னா மிருகம்?"

"ஐயோ அம்மா, பொண்ணும்மா! றெக்கை இல்லாம பறக்கும்! உங்க ஆயுசுல பாத்திருக்க மாட்டீங்க. அந்தரத்துல ரெண்டு தடவ சுழலும், பாக்கறவங்களுக்கு மூச்சே நின்னுடும்." சொல்லும்போது அவனுக்கே மூச்சு நின்றது. மாரியம்மாள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ இவ்வளவு சொல்றத பாத்தா, கடையை சாத்திட்டாச்சும் வரணும் போலிருக்கே" என்றாள்.

வந்தாள். அவள் மட்டுமா? ஐந்தரை மணிக்கு மில் ஆட்கள் இரண்டு லோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். தேர்வீதிக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்தன. பெஞ்சு நிறைந்து, படி நிறைந்து, கடைசியில் ஜனங்கள் சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்தார்கள். டிக்கெட் கிழித்துக் கிழித்துப் புஷ்பவள்ளிக்கு விரல் காந்தியது. சோம்பேறி நாய் கூட்டத்தைப் பார்த்த குஷியில் தானாகவே வளையத்துக்குள் குதித்துவிட்டது. திரைக்குப் பின்னால் ராஜமாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருடா சுருட்டறேன்னு சொன்னது? இன்னும் ரெண்டு வாரம் சிதம்பரத்துலதான்!" என்று, தான் சொன்னதையே வேறு யாரோ சொன்ன மாதிரி அதட்டினார்.

எழிலனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, ஸ்ரீமதியிடம் கேட்கப்போவதை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தான்.

காற்றுதான் வந்தது.

செருமினான். கனைத்தான். வெந்நீர் குடித்தான், உப்பு போட்டுக் கொப்பளித்தான். ஊகூம். அதற்குள் மணி அடித்துவிட்டது, பார் விளையாட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

ஏணியடியில் ஸ்ரீமதி நீல உடுப்பில் நின்றிருந்தாள். எழுநூறு சொச்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முதலில் சொல்வது அவன் முறை. அவன் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது.

ஸ்ரீமதியின் முகம் சிவந்தது. "ஓகோ. இப்ப பேர் சொல்லக்கூட மனசு வரலையா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பதினோரு நாளில் அவள் அவனிடம் பேசிய முதல் வாக்கியம் அது. எழிலன் தொண்டையைத் தொட்டான், கையை ஆட்டினான், தலையில் அடித்துக்கொண்டான். கூட்டம் இதையும் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டியது.

"சட்டம்னா சட்டம். பேர் சொல்லலைன்னா ஏற முடியாது" என்றார் ராஜமாணிக்கம். சொல்லிவிட்டு அவரே கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கூட்டத்தைப் பறக்கிற ஆட்டம் இல்லாமல் அனுப்பினால், நாளைக்கு எவன் வருவான்?

தட்சிணாமூர்த்தி பெரிய செருப்பு தடுக்கித் தடுக்கி ஓடிவந்தான். "முதலாளி, நிறுத்துங்க! ஸ்ரீமதி, நீயும் கேளு. இவன் பேர் சொல்லலையா? காலையில எட்டு மணிலேர்ந்து இவன் வேற என்னாத்த சொன்னான்? நாலு வீதியும் உன் பேரு. பஸ் ஸ்டாண்ட் பூரா உன் பேரு. காட்டுமன்னார்கோயில்ல பெட்ரோல் பங்க்ல கூட உன் பேரைத்தான் சொன்னான். தொண்டை தெறிச்சிப்போச்சு பாவிக்கு. இங்க உக்காந்திருக்கிற அத்தன ஜனமும் அவன் உன் பேரைச் சொல்லிக் கூப்ட்டுதான் வந்திருக்கு!"

"ஆமா, என்கிட்டயும் சொன்னுச்சு!" என்று தரை வரிசையிலிருந்து மாரியம்மாள் எழுந்து நின்று சாட்சி சொன்னாள்.

ராஜமாணிக்கம் மீசையைத் தடவினார். "அப்ப இவன் பங்கு ஜாஸ்தியாவே சொல்லிட்டான். இன்னும் ஒரு வருஷத்துக்கு இவன் வாயே தொறக்க வேணாம். ஸ்ரீமதி, உன் முறை."

ஸ்ரீமதி எழிலனைப் பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம், தூசி அப்பிய தலைமுடி, கெஞ்சுகிற கண். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. எப்போதும் போல 'எழிலன்' என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவாள், ஆட்டம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிவிடுவாள் என்று நினைத்தான். கேட்க வேண்டியதைக் கேட்கக் குரலும் இல்லை.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாமா" என்றாள்.

வாசலில் புஷ்பவள்ளி கையிலிருந்த டிக்கெட் கட்டைப் போட்டுவிட்டுக் குலவையிட்டாள். டிரம்ஸ் அடிக்கிறவன் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தான். தட்சிணாமூர்த்தி நிஜமாகவே குட்டிக்கரணம் போட்டான். எழிலன் மட்டும் மரத்தூளில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றான்.

"ஏறு மாமா. ஜனம் பாக்குது" என்றாள் ஸ்ரீமதி, ஏணியில் கால் வைத்தபடி. "குரல் இல்லன்னா என்னா, கையத் தட்டு. எனக்குப் புரியும்."

ஏறினார்கள். எழிலன் எதிர்ப் பாரில் தலைகீழாகத் தொங்கி ஆடினான். வழக்கமாக "ஹேய்" என்று அவன் குரல் கொடுத்தால்தான் அவள் கையை விடுவாள். இன்று வெள்ளைப் பொடி பூசிய உள்ளங்கைகளை ஓங்கித் தட்டினான். பொடி புகையாக எழுந்தது. ஸ்ரீமதி விட்டாள். ஒரு சுழல், இரண்டு சுழல். கூடாரத்தில் குழந்தைகூட இருமவில்லை. பட்டென்று அவன் கைகளுக்குள் அவள் மணிக்கட்டுகள் வந்து விழுந்தன. கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

இருவரும் சேர்ந்து ஆடினார்கள். கீழே தொங்கியபடி அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அந்தக் கம்பெனி வேலை இருக்குல்ல? வேணாம்னு அக்காகிட்ட கடலூர்லயே சொல்லிட்டேன்."

பதினோரு நாள்! எழிலன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. ஆனால் கண் நிறைந்துவிட்டது. தலைகீழாகத் தொங்குகிறவன் கண்ணீர் கன்னத்தில் இறங்காது, நெற்றி வழியாக ஓடும். ஓடி, ஒரு சொட்டு ஸ்ரீமதியின் மூக்கின் மேல் விழுந்தது.

"அட, மழை வருது மாமா" என்றாள் அவள். "அனுப்பிடுவியா?"

எழிலன் பிடியை இன்னும் இறுக்கினான்.