பட்டை உரியும் மாதம்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இரங்கல் கூட்டம் என்றால் போண்டா உண்டு என்பது ஊருக்கே தெரியும். எண்பத்து நாலாம் வருஷம் ஜூலைக் கடைசியில் நடந்த கூட்டத்துக்கும் ஒரு அண்டா நிறையப் போட்டிருந்தார்கள். சிலோனில் தமிழர்களை வெட்டியும் எரித்தும் கொன்ற கலவரம் முடிந்து ஒரு வருஷம். கல்யாண மண்டபத்து மேடையில் கறுப்புத் துணி கட்டி, எரிந்த கடைகளின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டி மாட்டியிருந்தார்கள். அந்தப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து ஜனங்கள் போண்டாவைச் சட்னியில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மேடையோரம் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்த ராக்காயி எண்ணெய் வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ராக்காயி சிலோன்காரி. மலையில் அவளுக்கு அதுதான் பெயர். பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து வளர்ந்தவள். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, 'நீ இந்தியாக்காரி' என்று சொல்லி எழுபத்தைந்தில் அவளையும் புருஷனையும் கப்பல் ஏற்றிவிட்டன. மண்டபம் என்கிற கடற்கரை ஊரின் முகாமில் இறங்கியதுமே தரகர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கொடைக்கானல் உங்கள் தோட்டம் மாதிரியே இருக்கும், குளுகுளு என்று இருக்கும் என்று ஆசை காட்டி, கையில் முன்பணத்தைத் திணித்து, லாரியில் ஏற்றினார்கள். குளிர் மட்டும்தான் சொன்னபடி இருந்தது.

மன்னவனூருக்கு மேலே வாட்டில் மரக்காடு. மரத்தைச் சாய்த்து, பட்டையை உரித்து, கட்டுக் கட்டி லாரியில் ஏற்ற வேண்டும். தோல் பதனிடுகிற ஊர்களுக்குப் பட்டை போகும். உரித்தவர்கள் எங்கும் போக முடியாது. தகரக் கொட்டகையில் இருப்பு, வாசலில் காவல். வாங்கிய முன்பணம் எந்த ஜென்மத்திலும் தீராது. அது தீராமல் பார்த்துக்கொள்வதுதான் கான்ட்ராக்டர் சேனாதிபதியின் தொழிலே. புருஷன் மரம் விழுந்து செத்தபோது அவன் பங்கையும் பொண்டாட்டி தலையில் கட்டிவிட்டு, மாலை போட்டுவிட்டுப் போன புண்ணியவான் அவர்.

அந்தச் சேனாதிபதிதான் இன்று கூட்டத்துக்குத் தலைவர். வெள்ளை வேட்டி, நெஞ்சில் கறுப்புப் பட்டை, முகத்தில் நேற்றே தயார் செய்துவைத்த துக்கம்.

அவர் ராக்காயியைத் தேடிப் பட்டைக்காட்டுக்கே வந்தது போன வாரம். அதற்கு முன்னால் அவள்தான் அவர் காலைத் தேடிப் போயிருந்தாள். அக்காள் பிச்சையம்மாளும் அத்தானும் பதுளைக் கலவரத்தில் செத்துப்போனார்கள். அவர்கள் மகள் தமயந்தி மட்டும் தப்பி, யார் யார் கையிலோ மாறி, படகேறி மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். முகாமிலிருந்து வந்த ஒரு தோட்டத்து ஆள் சொன்ன செய்தி இது. இந்த மாசத்துக்குள் சொந்தக்காரர் நேரில் வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை என்றால், பெண்ணை எங்கேயோ ஒரு அனாதை விடுதிக்கு அனுப்பிவிடுவார்களாம். ராக்காயிக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

அதற்காகத்தான் போய்க் கேட்டாள். அப்போது நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினார். போன வாரம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே குரல் தேனாக இருந்தது.

"ஏ ராக்காயி, ஒனக்கு மண்டபம் போகணும்ல. போ. ஆனா எனக்கும் ஒரு சோலி இருக்கு. கூட்டத்துல ஒரு சிலோன் பொம்பள பேசணும். கலவரத்தன்னைக்கு எங்க இருந்தே, என்ன பட்டேன்னு சொல்லி நாலு சொட்டு அழுதுட்டு, அப்படியே பஸ் ஏறிப் போயிக்க."

"நான் வந்து ஒம்பது வருசமாச்சுங்க ஐயா. கலவரத்தப்ப நான் இங்க ஒங்க காட்டுலதான் இருந்தேன்."

"அது எவனுக்குத் தெரியும்? வீட்டுக்குத் தீ வச்சாங்க, புதருக்குள்ள ஒளிஞ்சு கெடந்தேன்னு சொல்லு. ஒங்க அக்கா கத உனக்குத் தெரியும்ல, அதையே ஒன் கதயாச் சொல்லு."

அவள் தலையாட்டினாள். தமயந்திக்காக எதற்கும் தலையாட்டியிருப்பாள்.

கூட்டம் தொடங்கியது. 'அன்று நான் எங்கே இருந்தேன்' என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. யார் அதிகமாகத் துடித்தார்கள் என்று போட்டி வைத்தது போல ஆகிவிட்டது. லாட்ஜ்காரர் ஒருவர், செய்தி கேட்டபோது தான் ஆட்டுக்கால் பாயாவில் இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்ததாகவும், அப்படியே இலையை மூடிவிட்டு எழுந்ததாகவும் சொன்னார். பாயாவைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் குரல் தழுதழுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற சிலுவைராஜ் வாத்தியார், அன்று தான் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்ததாகவும், ஏரித் தண்ணீர் சிவப்பாகத் தெரிந்ததாகவும் சொன்னார். கைதட்டினார்கள். மதுரையிலிருந்து வந்த பேச்சாளர், தான் அன்று ரயில் முன்னால் படுத்ததைச் சொன்னார். ரயில் அன்றைக்கு ஓடவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

ராக்காயிக்கு எரிச்சல்தான் வந்தது. இவர்களுக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது. பதுளை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சாப்பிடவில்லை, நான் தூங்கவில்லை, நான், நான். அவள் அக்காள் வெந்து செத்த நாளில் இவர்களுக்கு இடியாப்பம் கெட்டுப்போயிற்று.

பிறகு சேனாதிபதி எழுந்தார்.

"அன்னைக்கு நான் பச்சத் தண்ணி பல்லுல படாம கெடந்தேன். கடையடைப்பு அன்னைக்கு இந்த ஊர்ல மொதல்ல பூட்டுப் போட்டது என் கடை. எங்காட்டுல வேல பாக்குற சிலோன் சனங்களுக்கெல்லாம் லீவு விட்டு, அவங்களக் கட்டிப்பிடிச்சு அழுதேன். இதோ, இந்த ராக்காயி, அந்தத் தீக்குள்ள நின்னு தப்பிச்சு வந்தவ. இவ அக்கா மக மண்டபத்துல கெடக்கு. நாளைக்கே எஞ்செலவுல இவள அனுப்பி அந்தப் புள்ளையக் கூட்டியாரச் சொல்லப் போறேன்."

அரங்கம் அதிரக் கைதட்டல். அவர் ராக்காயியின் கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பி மைக் முன்னால் நிறுத்தினார். அந்தக் கை மெத்தென்று ஈரமாக இருந்தது. அருவருப்பில் அவளுக்கு உடம்பே கூசியது. போன வருஷம் இதே கையை நீட்டி அவர் என்ன உத்தரவு போட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

சொல்லிக்கொடுத்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். 'வீட்டுக்குத் தீ வச்சாங்க' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. அது அக்காள் வீடு. அந்தப் புதரும் அக்காள் ஒளிந்து கிடந்து பிடிபட்ட புதர். செத்தவளின் சேலையை உருவித் தான் கட்டிக்கொண்டு இந்தப் போண்டாக் கூட்டத்தின் முன்னால் ஆடுவதா என்று நினைத்தபோது, சேனாதிபதியின் மேல் வந்த அதே அருவருப்பு தன் மேலேயே வந்தது. அவள் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"கலவரம்னு கேள்விப்பட்ட அன்னைக்கு நான் வேலைக்காட்டுல இருந்தேனுங்க. மழ பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எங்க அக்கா இருந்த ஊரு எரியுதுன்னு ரேடியாவுல சொன்னதா லாரிக்காரரு சொன்னாரு. நான் மொதலாளி கால்ல விழுந்தேன். தந்தி ஆபீசு வரைக்கும் போயிட்டு ஓடி வந்துர்றேன், அக்கா இருக்காளா செத்தாளான்னு மட்டும் கேட்டுக்கிறேன்னு கெஞ்சுனேன். வுடல."

முன்வரிசையில், பள்ளிக்கூட விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சகாயராணி டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"வெள்ளனே எந்திரிச்சு நடந்தே போயிரலாம்னு கெளம்பினேன். ரோட்டுலயே புடிச்சுட்டாங்க. மயித்தப் புடிச்சு இழுத்தாந்து தகரக் கொட்டாய்க்குள்ள தள்ளி வெளிய பூட்டுனாங்க. பகல்ல வேலைக்கு மட்டும் தொறந்து விடுவாங்க. நான் அழுதா, 'செத்தவ ஒன் அழுகையில எந்திரிச்சா வரப் போறா, கையப் பாத்து வேலயச் செய்யி'ம்பாங்க. ஊரு பூராத் துக்கம்னு கடையெல்லாம் சாத்திக் கெடந்த அன்னைக்கும் எங்களுக்கு வேலதான்."

பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று, "சிங்களவன் நாசமாப் போவான்" என்று கத்தினான். பல பேர் கூடவே கத்தினார்கள். சகாயராணி டீச்சருக்கு அழுகை தாங்கவில்லை. எழுந்து மேடையருகே வந்து கேட்டார்.

"அது எந்த ஊரும்மா? அந்தப் பாவிங்க எங்க இருக்காங்க?"

"மன்னவனூருக்கு மேலங்கம்மா. நம்ம ஐயா பட்டைக்காடு. ஜூலை மாசம் மழையில பட்ட நல்லா உரியும். வுட்டுட்டா வேல கெட்டுப்போகும்னு சொல்லி, ஐயாதான் பூட்டச் சொன்னாரு."

ராக்காயி இதைக் கத்திச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மைக் அதைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. லாட்ஜ்காரர் தன் செருப்பைப் பார்த்தார். சிலுவைராஜ் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சேனாதிபதி ஒரு விநாடிதான் தடுமாறினார். இத்தனை காலம் ஊரை ஏய்த்தவருக்கு அது போதும். மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா. பட்ட கஷ்டத்துல அங்க நடந்தது எது, இங்க இருக்கிறது எதுன்னே தெரியாமப் போச்சு இந்தப் பொம்பளைக்கு. இந்தக் கொடுமைக்கு வேற சாட்சி வேணுமா?"

கூட்டம் மூச்சு விட்டது. அந்த மூச்சைத்தான் ராக்காயியால் கடைசி வரை மறக்க முடியவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு நிம்மதி. அவர்கள் நம்பினார்களா என்றால், நம்பவில்லை. அவள் நிதானமாகப் பேசியதை எல்லோரும்தான் கேட்டார்கள். ஆனால் நம்பியது போல இருந்துவிட்டால் அழுத கண்ணீரும் வீணாகாது, சேனாதிபதியிடம் முகம் சுளிக்கவும் வேண்டாம். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அவர் ஒரு பொன்னாடையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். போர்த்தும்போது காதருகே குனிந்து, "மண்டபமா போறே நீ? ஞானவேலு வாசல்ல ஜீப்போட நிக்கிறான். காட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்றார்.

சகாயராணி டீச்சர் கையைப் பிடித்தார். கண் இன்னும் காயவில்லை.

"ராக்காயி, அப்படிப் பேசியிருக்க வேணாம்மா. ஐயா நல்ல மனுஷர். எங்க ஸ்கூலுக்கு டெஸ்க், பெஞ்சு எல்லாம் போன வருஷம் அவர்தான் ஃப்ரீயா செஞ்சு குடுத்தார்."

"என்னைய பூட்டி வச்சதும் போன வருசந்தாங்க."

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார்.

வாசலில் மேஸ்திரி ஞானவேல் ஜீப்பில் சாய்ந்து நின்றான். போன வருஷம் அவள் தலைமயிரைப் பிடித்தது அவன்தான். ராக்காயி படியிலேயே நின்றுவிட்டாள். ஆனால் கூட்டம் அப்போதுதான் கலைந்து வெளியே வந்தது. பொன்னாடை போர்த்திய சிலோன்காரியைப் பார்க்கவும் தொடவும் ஜனம் நெருக்கியது. ஞானவேல் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டு நின்றான். இத்தனை பேர் நடுவில் இன்றைக்கு அவளைத் தொட முடியாது என்பது அவனுக்கும் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது.

"ஐயா என்னைய மண்டபத்துக்கு அனுப்புறேன்னு மேடையில சொன்னாருல்ல. பஸ்ஸு எங்கங்க நிக்கும்?" என்று பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டாள்.

கேட்க வேண்டியதுதான் தாமதம். ஆளாளுக்கு முந்திக்கொண்டு பஸ் நிலையம் வரை கூட்டிப்போனார்கள். லாட்ஜ்காரர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். யாரோ போண்டாப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாக மடியில் போட்டார்கள். அவள் சொன்ன ஒரு சொல்லைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள், பஸ் நகரும் வரை நின்று கையசைத்தார்கள். சேனாதிபதியும் வந்து கையசைத்தார். வேறு வழியில்லை அவருக்கு. முதல் கொண்டை ஊசி வளைவில் ராக்காயி போண்டாவை வெளியே எறிந்தாள். பொன்னாடையை எறியவில்லை. பிள்ளைக்குப் போர்த்தத் துணி இருக்குமோ என்னவோ.

மண்டபத்தில் தமயந்தி எலும்பும் தோலுமாக இருந்தாள். சின்னம்மாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ராக்காயி பெயரைச் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா கடசி வரைக்கும் ஒங்களத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. இந்தியாவுல எந் தங்கச்சி இருக்கா, கேள்விப்பட்டா எப்பிடியும் ஆளனுப்புவா, தந்தியாவது அடிப்பான்னு. அன்னைக்கு நீங்க எங்க சின்னம்மா இருந்தீங்க?"

அதே கேள்வி. இதைக் கேட்க உரிமை உள்ளவள் இவள் ஒருத்திதான். ராக்காயி காடு, மழை, லாரிக்காரர், பூட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இனி அந்தக் காட்டுக்குப் போகப்போவதில்லை என்பதையும் சொன்னாள். தமயந்தி அழவில்லை.

"என்னையத் தன் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுனது பக்கத்து வீட்டு சோமாவதிதான். சிங்களப் பொம்பள. தேடி வந்தவங்ககிட்ட இங்க யாருமில்லன்னு சொல்லி அனுப்புனுச்சு" என்றாள். பிறகு பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஒங்களப் பூட்டுன அந்த ஆளு யாரு, சிங்களவனா?"

"இல்ல புள்ள," என்றாள் ராக்காயி. "நம்மாளு."