கார்டில் மட்டும் கே.எல்.

சிலாங்கூர் மாநிலத் தேர்தல் நாளன்று புனிதவதி நல்ல சேலை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு வேலம்மாவோடு தமிழ்ப்பள்ளிக்குப் போனாள். வாசலில் பெயர் பார்க்கும் மேசை போட்டிருந்தார்கள். அங்கிருந்த மலாய்ப் பெண் அவளுடைய அடையாள அட்டை எண்ணை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "தாக் அடா, காக்" என்று தலையசைத்தாள். பெயர் இல்லையாம்.

இல்லாமல் எப்படிப் போகும்? போன பொதுத்தேர்தலில், கே.எல். எனப்படும் கோலாலம்பூரின் செந்தூலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவள் அவள். ஒருவேளை இந்த முறையும் அங்கேதானோ என்று, செந்தூலில் இருக்கும் தம்பி சோமுவுக்குப் போன் போட்டாள்.

"எம் பேரு அங்கதான் இருக்கும் போல. இப்பவே பஸ் ஏறி வந்துடவா?"

சோமு சிரித்துவிட்டான். "எந்த ஓட்டுக்குக்கா வர்ற? இங்க இன்னிக்கு ஓட்டே இல்ல லா. எல்லாக் கடையும் தெறந்திருக்கு, நான் லோரி கழுவிக்கிட்டு இருக்கேன்."

போனை வைத்துவிட்டு அவள் திகைத்து நின்றாள். ஓட்டு நடக்கும் ஊரில் பெயர் இல்லை. பெயர் இருக்கும் ஊரில் ஓட்டு நடக்கவில்லை. அப்படியென்றால் தன் ஓட்டு எங்கேதான் போனது?

வேலம்மா மை வைத்த விரலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கு வாய் நிற்கவில்லை. "கார்டுல மட்டும் கே.எல். காரி! வா வா, நம்ம ஊரு கம்பத்துப் பக்கமும் ஒரு எட்டு நடந்து பாரு."

புனிதவதியும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அமாவாசை வராமல் இருந்திருந்தால் அந்தப் புதிர் அதோடு மறந்து போயிருக்கும்.

கோலசிலாங்கூர் ஆற்றங்கரையை ஒட்டி, பழைய செம்பனைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று அவள் வீடு. தோட்டம் கைமாறிவிட்டது, லயத்து வீடுகளில் மட்டும் பழைய குடும்பங்கள் தங்கியிருந்தன. தாழ்வான நிலம். லயத்து வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு மதகு இருந்தது. அதைச் செய்தவன் கெட்டிக்காரன். மோட்டார் கிடையாது, ஆள் காவல் கிடையாது. குழாய் வாயில் ஓர் இரும்புக் கதவு மேலிருந்து தொங்கும், அவ்வளவுதான். கடல் ஏறி ஆறு உயர்ந்தால், ஆற்று நீரே கதவைத் தள்ளிச் சாத்திவிடும். கடல் இறங்கினால், உள்ளே தேங்கிய நீர் தன் அழுத்தத்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியேறும். எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அந்தப் பக்கம் சொன்னபடி கேட்கும் கதவு.

அந்தக் கதவின் கீல் துருப்பிடித்து அறுந்து, கதவு சேற்றில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெருநீர் ஏறும்போதெல்லாம் ஆறு நேராக லயத்துக்குள் வந்தது. ஊரில் மற்றவர்கள் விரதத்துக்காக நாள்காட்டி பார்ப்பார்கள். லயத்துக்காரர்களோ அரிசி மூட்டையை எப்போது பரணில் ஏற்றுவது என்று பார்த்தார்கள்.

மற்ற வீடுகளுக்கு அது தொல்லை. புனிதவதிக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவள் கணவன் தேவதாஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை பட்டணத்தில் டயாலிசிஸ். சீனி முகம்மது பாய் வேனில் வந்து கூட்டிப் போவார். பாதையில் நீர் ஏறினால் வேன் உள்ளே வராது.

அந்த அமாவாசையன்று வேன் பெரிய ரோட்டிலேயே நின்றுவிட்டது. பாய் போனில், "தங்கச்சி, இஞ்சின்ல தண்ணி பூந்தா மத்த நோயாளிங்களும் மாட்டிக்குவாங்க. எப்படியாச்சும் ரோட்டுக்குக் கொண்டாந்துடும்மா" என்றார்.

செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் கோரைப்பாய் விரித்து, அதில் புருஷனை உட்கார வைத்தாள் புனிதவதி. வேலம்மா முன்னால் கயிறு பிடித்து இழுத்தாள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது.

"குலை ஏத்துற வண்டியில என்னை ஏத்திட்டியா?" என்றான் தேவதாஸ், மூச்சு வாங்கியபடி. "போற வழியில கணக்கெழுதுற கிராணி நின்னா எடை போடச் சொல்லு."

"வாய மூடிக்கிட்டு வாங்க. பேசினா மூச்சு வாங்குது."

பாதி வழியில் சக்கரம் சேற்றில் புதைந்தது. இழுத்தார்கள், தள்ளினார்கள், வண்டி சாய்ந்ததே தவிர நகரவில்லை. தேவதாஸ் தண்ணீரில் சரிந்தான். அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே புனிதவதி பெரிய ரோட்டைப் பார்த்தாள். பாய் தன்னால் முடிந்தவரை காத்திருந்தார். வேனுக்குள் இன்னும் மூன்று பேர் தங்கள் முறைக்காகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். வேன் போய்விட்டது.

மறுநாள் நீர் வடிந்த பிறகு, கால் வீங்கி, நெஞ்சில் நீர் கோர்த்த நிலையில் அவனை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பிழைத்தான். ஆனால் டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, "இனி ஒரு தடவை விட்டாலும் இதயம் தாங்காது" என்று சொல்லிவிட்டார். அடுத்த பெருநீர் பௌர்ணமிக்கு.

அதே வாரம் புனிதவதியும் வேலம்மாவும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போனார்கள். அங்கே வேலை பார்த்த கணேஸ்வரன் தோட்டத்துப் பையன்தான். டீ வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"மனுவ எடுத்துக்கறேன்க்கா. ஆனா ஒளிக்காம சொல்றேன். மதகுக்குப் புதுக் கேட்டு போடறது பெரிய செலவு. இப்படிக் கேட்டு வேணும்ங்கற எடம் இந்தத் தொகுதியில நெறைய இருக்கு. அங்கல்லாம் ஜனம் கூட்டமா வந்து நம்ம சட்டமன்ற ஒய்.பி.ய நிக்க வச்சிக் கேக்குது. உங்க லயத்துல இங்க ஓட்டு இருக்கறது வேலம்மாக்கா வீடு, இன்னும் ரெண்டு வீடு. மத்தவங்க எல்லாம் கே.எல். ஓட்டு."

"ஓட்டு இல்லன்னா தண்ணியில முழுவிச் சாவணுமா?" என்றாள் புனிதவதி.

"ஐயோ, அப்படிச் சொல்லலக்கா! ஓட்டு இருந்தாலும் இல்லாட்டியும் செய்யணும், அதான் நியாயம். நடக்கறது என்னன்னு சொன்னேன்."

வெளியே வந்ததும் வேலம்மா வழக்கம்போல் கேலி பேசவில்லை. அதுவே புனிதவதியைப் பயமுறுத்தியது.

அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. தன் ஓட்டு கே.எல்.லில் இருக்கிறதென்றால், கே.எல்.லில்தானே கேட்க வேண்டும்? சோமு உடனே உற்சாகமானான். "சரியான நேரத்துல கேட்டக்கா! ஞாயித்துக்கெழம செந்தூல் மண்டபத்துல கூட்டம். கே.எல்.ல ஒரு மாநிலமாக்கணும்னு பேசப் போறோம். மாநிலம் ஆயிட்டா இங்கயும் சட்டமன்ற உறுப்பினர் வருவாரு. நீ அவருகிட்டயே கேக்கலாம்."

ஞாயிறன்று தேவதாஸை வேலம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு புனிதவதி பஸ் ஏறினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. தனுஜா என்ற இளம் வழக்கறிஞர் பேசினாள். மேடையில் நிற்காமல் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தபடி பேசினாள்.

"ஒரு காலத்துல இந்தக் கோலாலம்பூர் சிலாங்கூரோட தலைநகர். எழுபத்து நாலுல மத்திய அரசு இத தனியா வாங்கிக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கிச்சு. அதுலேர்ந்து இங்க சட்டமன்றம் கெடையாது, மந்திரி பெசார்ங்கற முதலமைச்சர் கெடையாது. மேயர நாம தேர்ந்தெடுக்கறது இல்ல, நியமிக்கறாங்க. சிலாங்கூர்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு ஓட்டு: ஒன்னு நாடாளுமன்றத்துக்கு, ஒன்னு மாநிலத்துக்கு. நமக்கு ஒன்னே ஒன்னுதான். நம்ம வீட்டு முன்னால கட்டடம் எழும்புது, கால்வாய் அடைக்குது. கேக்கறதுக்கு நம்ம ஓட்டுல வந்த உள்ளூர் ஆள் ஒருத்தர் இல்ல."

"அப்ப நாளைக்கே மாநிலமாக்குங்க லா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"நாளைக்கே முடியாதுண்ணே. அரசியல் சட்டத்தையே திருத்தணும். நாடாளுமன்றத்துல மூணுல ரெண்டு பங்கு பேரு ஆதரிக்கணும். மாநிலம் வேணாம், மாநகராட்சித் தேர்தல் வந்தாலே போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க. எதுவானாலும் வருஷக்கணக்குல போராடணும்."

வருஷக்கணக்கு. புனிதவதியிடம் இருந்தது பௌர்ணமி வரைக்குமான அவகாசம். எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"அம்மா, அவ்வளவு நாளு என்னால முடியாதும்மா. எங்க தண்ணி கேட்டு ஒடஞ்சி கெடக்கு. வீட்டுக்காரரு டயாலிசிஸ் போக முடியல. இன்னொரு தடவ தண்ணி வந்தா அவரு இருக்க மாட்டாரு. இந்த மாநிலத்த கொஞ்சம் சீக்கிரம் வாங்கிக் குடுங்க."

தனுஜா அவள் அருகில் வந்தாள். "உங்க வீடு எங்கக்கா?"

"கோலசிலாங்கூர்ல."

"ஓட்டு?"

"இங்க. கார்டுல தம்பி வீட்டு வெலாசம்."

"ஏன் மாத்தல?"

பதில் சொல்லுமுன் புனிதவதி சோமுவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு அவளும் தேவதாஸும் செந்தூலில் வாடகைக்கு இருந்தபோது, மலிவு வாடகை அடுக்குமாடிக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். தேவதாஸ் நோயில் விழுந்து தோட்டத்துக்கே திரும்பியபோது, "கார்ட மாத்திடாதக்கா, வீடு கெடைக்காமப் போயிடும்" என்று சொன்னவன் அவன்தான். லயத்தில் முக்கால்வாசிப் பேர் கதை இதுதான். ஒருவருக்கு அடுக்குமாடி ஆசை, இன்னொருவருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம், வேறொருவருக்கு கே.எல். விலாசம் தரும் சின்னப் பெருமை. இடம் மாறினால் பதிந்தாக வேண்டும் என்ற சட்டத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தனுஜா மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இன்னிக்கு சாயங்காலமே கே.எல். மாநிலமானாலும், அந்தச் சட்டமன்ற உறுப்பினரால உங்க கேட்டத் தொட முடியாது. அது சிலாங்கூர் மண்ணு. நாங்க எந்த ஓட்டு வேணும்னு இங்க கூடியிருக்கோமோ, அந்த ஓட்டு உங்க வீட்டு வாசல்லயே இருக்கு. நீங்கதான் உள்ள எடுத்து வைக்கல."

புனிதவதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புதிர் விடுபட்டது. தேர்தல் அன்று அவளுடைய ஓட்டை யாரும் திருடவில்லை. அவளே அதைக் கொண்டு போய், சட்டமன்றம் இல்லாத ஊரில் வைத்துவிட்டிருந்தாள்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"முதல்ல பதிவு இலாகாவுல கார்டு வெலாசத்த மாத்துங்க. அதோட விட்டுடாதீங்க; ஓட்டு தானா வராது. தேர்தல் ஆணையத்துல தொகுதிய மாத்தச் சொல்லித் தனியா மனுச் செய்யணும். ரெண்டையும் செஞ்சாதான் ஓட்டு வரும். சில மாசம் ஆவும்."

"பௌர்ணமிக்குள்ள ஆவாதா?"

"ஆவாதுக்கா." தனுஜாவின் கண்ணும் கலங்கியிருந்தது.

அன்று மாலை ஊர் திரும்பியதும் லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் நின்று புனிதவதி எல்லோரையும் கூப்பிட்டாள். எதிர்ப்பு வராமல் இல்லை.

"நாளைக்கு வீடு கெடைச்சா யாரு பதில் சொல்றது?" என்றார் ஒருவர்.

"கெடைச்சா சந்தோஷமாப் போங்க. போன பெறகு அங்க மாத்திக்கங்க," என்றாள் புனிதவதி. "கே.எல்.ல இருக்கறவங்க இல்லாத ஓட்டுக்குச் சண்டை போடறாங்க. நாம இருக்கற ஓட்ட வேணாம்னு வீசிட்டோம். ஒடஞ்ச கேட்டுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, எப்பவோ வரப்போற மாடி வீட்டுக்கு ஓட்டுப் போட்டோம். எம் புருஷன அந்த வண்டியில தள்ளுனப்ப நீங்க எல்லாரும் பார்த்தீங்க. நாளைக்கு வேற யாரத் தள்ளப் போறோம்?"

வேலம்மா முன்னால் வந்தாள். "சரி, யாரு யாரு வர்றீங்க? என் மவன் லோரி இருக்கு. கே.எல். காரங்க எல்லாரும் பின்னால ஏறுங்க!"

சிலர் சிரித்தார்கள். மறுநாள் லோரி நிறைந்தது.

பதிவு முடிந்து, எல்லோரும் நேராகச் சேவை மையத்துக்குப் போய் நின்றார்கள். கணேஸ்வரன் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தான். உள்ளே திரும்பிப் போய்ப் போனை எடுத்தான். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து மதகை அளந்தார்கள். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. பௌர்ணமி வந்தது, ஆறும் வந்தது. இம்முறை பாய் முந்தின நாளே வேனில் வந்து தேவதாஸைத் தன் வீட்டு முன்னறைக்குக் கொண்டு போய்விட்டார். புனிதவதி தனியாகக் கட்டிலின் மேல் உட்கார்ந்து, அறைக்குள் ஏறும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பௌர்ணமிக்குத் தேவதாஸ் தாங்குவான், பாய் தாங்குவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. உள்ளே அழுத்தம் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். அந்த அழுத்தம் இப்போதுதான் சேரத் தொடங்கியிருந்தது.

நீர் வடிந்த காலையில், கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் சேற்றைத் தள்ளிக்கொண்டே கேட்டாள். "அக்கா, நாங்க ரவாங்லேர்ந்து வந்திருக்கோம். இங்க இதுக்கு என்னதான் வழி?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புனிதவதி சொன்னாள்: "தண்ணி எந்த வீட்டுக்குள்ள வருதோ, அந்த வீட்டு வெலாசம் கார்டுல இருக்கணும். அப்புறம் ஓட்டையும் அங்க மாத்திக்கணும். மாத்திட்டு எல்லாரும் சேர்ந்து போய்க் கேக்கணும். நாளைக்கே கெளம்பு, நான் கூட வரேன்."