ஓர நாற்காலியில் தலைவர்

சர்வதேச அமெச்சூர் மல்யுத்தப் போட்டிக்குச் சங்கம் அனுப்பிய குழுவில் ஒரு பட்டாளமே இருந்தது. அதில் மல்யுத்தம் தெரிந்தவர்கள் இருவர்தான்: மோதப்போகும் தங்கை, அவளுக்குப் பயிற்சி தரும் அக்கா. மற்றபடி சங்கத் தலைவர், தலைவரின் மனைவி, தலைவரின் மச்சான் என்று குடும்பப் படம்தான். மச்சானுக்கு உணவு ஆலோசகர் பதவி. தங்கை எடை குறைக்கத் தண்ணீரைக்கூட அளந்து குடித்துக்கொண்டிருக்க, அவர் எதிரில் உட்கார்ந்து மூக்குப் பிடிக்கத் தின்று ஆலோசனை வழங்கினார்.

அரையிறுதியில் தோற்றாலும் தங்கைக்கு வெண்கலப் பதக்கத்துக்கு மோதும் வாய்ப்பு மிச்சமிருந்தது. அன்று தலைவர் புது கோட்டில் வந்தார். மல்யுத்த விரிப்பின் ஓரத்தில் பயிற்சியாளருக்கென்று ஒரே ஒரு நாற்காலி. கேமரா அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பும் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"நீ கேலரிக்குப் போம்மா. மேலேருந்து பாத்தா எல்லாம் நல்லா தெரியும்."

"சார், பக்கத்துல நின்னு நான் சொல்லிக் குடுத்தாதான் அவளுக்கு..."

"ஏன், எனக்கு வாயில்லையா?"

அவருக்கு இருந்ததே அது ஒன்றுதான். அக்கா கேலரிக்குப் படியேறினாள். அவளுடைய வேலை ஆண்டுக்கு ஒருமுறை இவர் கையெழுத்தில்தான் நீளும். வீட்டில் உலை கொதிப்பதும் அந்தச் சம்பளத்தில்தான்.

முதல் புள்ளி எதிராளிக்குப் போனது. பிறகு தங்கை அவளை வட்டத்துக்கு வெளியே தள்ளி ஒரு புள்ளி எடுத்தாள். ஒன்றுக்கு ஒன்று. இப்படிச் சமமாக முடிந்தால் கடைசிப் புள்ளி எடுத்தவருக்கே வெற்றி. முடிய இன்னும் சில நொடிகள்தான், அதுவரை தாக்குப்பிடித்தால் பதக்கம் அவளுக்கு. இது அரங்கில் எல்லாருக்கும் தெரியும். புள்ளிப் பலகையைப் பார்த்த தலைவருக்கோ ரத்தம் கொதித்தது. 'நம்ம பொண்ணு இன்னும் ஜெயிக்கலையா!'

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பாஞ்ச் கட்டி உண்டு. நடுவர் தீர்ப்பு தவறென்று பட்டால் பயிற்சியாளர் அதை விரிப்பின்மேல் எறியலாம். வீடியோ பார்ப்பார்கள். ஆட்சேபம் எடுபடாவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. தலைவர் கேமரா இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு எறிந்தார்.

ஆட்டம் நின்றது. உனக்குச் சம்மதமா என்று நடுவர் தங்கையைக் கேட்டார். அவள் மறுத்தால் கட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கேலரியில் அக்கா, "வேணாம்டி, வேணாம்னு சொல்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"சரின்னு சொல்லு," என்றார் தலைவர், சிரித்த முகம் மாறாமல்.

உலகமே பார்க்க இவர் மூக்கை உடைத்தால் அக்காவின் வேலைக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். பதக்கம் தனக்கு, பட்டினி வீட்டுக்கா? தங்கை சரியென்று தலையாட்டினாள்.

வீடியோவில் நடுவரின் தவறு ஒன்றுமில்லை. எதிராளிக்குப் புள்ளி போனது, மிச்ச நொடிகள் ஓடி முடிந்ததும் பதக்கமும்.

வெளியே நிருபர்கள் மைக் நீட்டினார்கள். தலைவர் டையைச் சரிசெய்துகொண்டார். "பயிற்சி போதலை. நானும் ஓரத்துல உக்காந்து முடிஞ்சவரைக்கும் பாத்தேன். அடிப்படையே சரியில்லைன்னா என்ன பண்றது? இந்த கோச்சை மாத்தறோம்."

பின்னால் நின்ற அக்காவின் முகம் வெளுத்தது. தங்கைக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. எந்த வேலைக்காகப் பதக்கத்தைத் தூக்கிக் கொடுத்தாளோ, அதையும் பறித்துக்கொண்டு நிற்கிறார் மனிதர்! அவள் அவரை இடித்துக்கொண்டு மைக் முன்னால் வந்தாள்.

"நான் ஜெயிச்சுக்கிட்டுதான் இருந்தேன். சார்தான் அந்தக் கட்டியை எறிஞ்சு எதிராளிக்குப் பாயிண்ட் வாங்கிக் குடுத்தாரு. தப்புன்னு தெரிஞ்சும் நான் தலையாட்டினேன், அது என் தப்பு. எங்க அக்கா தப்பு இதுல ஒண்ணுமில்ல."

மைக்குகள் எல்லாம் ஒன்றாகத் தலைவர் பக்கம் திரும்பின. அவர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கேமராவுக்கு முதுகைக் காட்டினார்.